காணாமல் போன 'நீ'

ஆங்கிலப் பரீட்சையில் ஒரு பையன் 'யூ வாஸ்' என்று எழுதினால் என்ன ஆகும்? சிவப்பு மை பாயும். ''ஹி வாஸ், ஷி வாஸ் சரிங்கிறீங்க. யூவும் ஒரே ஆள்தானே சார், அதுக்கு மட்டும் ஏன் வேர்?'' என்று கேட்டுப் பார்க்கட்டும்... ''அது அப்படித்தாண்டா, மனப்பாடம் பண்ணு!'' என்று பதில் வரும்.

ஆனால், பையன் கேட்டது நியாயமான கேள்வி. 'யூ' என்றால் 'நீ' என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மையில் அது 'நீங்கள்'! அசல் 'நீ' வேறு. அதன் பெயர் 'தௌ'. 13-ம் நூற்றாண்டுவாக்கில், பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து, பெரிய மனிதர் தனியாக நின்றாலும் மரியாதையாகப் பன்மையில் அழைக்க ஆரம்பித்தார்கள் ஆங்கிலேயர்கள். நாம் அப்பாவை 'நீங்க' என்கிறோமே, அதே கதை.

மரியாதை என்று ஒன்று வந்தால், அவமரியாதையும் வருமே! 1603-ல் ராஜத்துரோக வழக்கில் சிக்கிய சர் வால்ட்டர் ராலேயை, அரசு வக்கீல் எட்வர்ட் குக் வேண்டுமென்றே 'தௌ' போட்டு ஏசினார். கோர்ட்டிலேயே 'நீ, வா, போ'!

அதே நூற்றாண்டின் நடுவில் வந்தார் ஜார்ஜ் ஃபாக்ஸ். குவேக்கர் என்ற கிறிஸ்தவ இயக்கத்தை நிறுவியவர். ஆண்டவன் முன்னால் எல்லோரும் சமம்; பிரபுவோ நீதிபதியோ, யாராக இருந்தாலும் 'தௌ'தான் என்றார். சும்மா விடுவார்களா? அவருடைய ஆட்களுக்கு அடியும் உதையும் விழுந்தன. மனுஷர் அசரவில்லை. ஒருமை வேறு, பன்மை வேறு என்று பல மொழிகளிலிருந்து உதாரணம் காட்டி, 1660-ல் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஓர் இலக்கணப் புத்தகமே போட்டுவிட்டார்!

ஊர் கேட்கவில்லை. எதற்கு வம்பு என்று எல்லோரையும் 'யூ' என்றே அழைக்க, 'தௌ' மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து மறைந்தது. பிரார்த்தனையிலும் சில வட்டார வழக்குகளிலும்தான் மிச்சம்.

இப்போது புதுத் தலைவலி. 'யூ' என்றால் ஒருவரா, பலரா? 18-ம் நூற்றாண்டில் படித்த ஆங்கிலேயர்களே ஒருவரிடம் 'யூ வாஸ்', பலரிடம் 'யூ வேர்' என்று எழுதிச் சமாளித்தார்கள். 1762-ல் தன் இலக்கண நூலில் அதைப் பெருந்தவறு என்று கண்டித்தார் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார். அவர் வழியில் வந்த இலக்கணப் புத்தகங்களும் அதையே சொல்ல, 'யூ வேர்' சட்டமாகிவிட்டது.

ஆக, நம்ம பையன் மக்கு இல்லை. இருநூற்றைம்பது வருஷம் லேட், அவ்வளவுதான்!

எல்லோருக்கும் ஒரே சொல் வேண்டும் என்றார் ஃபாக்ஸ். ஒரு வகையில் அது நடந்துவிட்டது. எல்லோரும் 'நீ' ஆகவில்லை, 'நீங்கள்' ஆகிவிட்டார்கள். நாம்தான் எதிரே நிற்பவரின் வயதையும் சட்டையையும் பார்த்து, 'நீ'யா 'நீங்க'ளா என்று இன்னமும் எடை போட்டுக்கொண்டிருக்கிறோம்.