முள்ளைத் திருப்பிய கை

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ ஒரு காலத்தில் வீட்டில் றேடியோ வைத்திருந்தவர் தபால் கந்தோரில் பணம் கட்டி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டியிருந்தது. அதோடு சரி. டயல் முள்ளை எங்கே நிறுத்துவது என்பது வீட்டாரின் விருப்பம். கொழும்பின் முஸ்லிம் சேவையைக் கேட்கலாம். கடல் தாண்டித் திருச்சி நிலையத்தையும் பிடிக்கலாம். பெட்டியைச் செய்த கம்பனிக்கு அதில் வேலையே இல்லை.

அந்தச் சுதந்திரத்தின் பலத்தை இந்திய அரசு நேரில் கண்டது. நேசப்படையினருக்காக ஏக்கலையில் நிறுவப்பட்ட சக்திவாய்ந்த ஒலிபரப்பி 1949இல் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. 1952இல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குக் கதவடைத்தார். இந்திய நேயர்கள் சண்டை பிடிக்கவில்லை; அந்தப் பாடல்களுக்காக முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். போன நேயர்களை மீட்க 1957 ஒக்டோபர் 3இல் அகில இந்திய வானொலியின் விவித் பாரதி சேவை பிறந்தது.

யுத்த காலத்தில் கிழக்கின் வீடுகள் லண்டன் தமிழோசைக்காகச் சிற்றலையைத் துழாவின. 1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017இல் நின்றது. ஒலி மெல்ல இணையத்துக்குக் குடிபெயர்ந்தது.

இணைய வானொலிப் பெட்டிக்குள் முள் இல்லை. நிலையங்களின் பட்டியல் எங்கோ ஒரு சேவையகத்தில் இருக்கிறது. பெட்டி ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டே பாடுகிறது. அப்படிப் பல பிராண்டுகளுக்குப் பட்டியல் கொடுத்த ரெசிவா 2021இல் மூடப்பட்டது. நிலையங்கள் ஒலித்துக்கொண்டிருந்தன, பெட்டிகளிலும் பழுதில்லை. ஆனாலும் நிலையம் தேட வழியில்லாமல் போனது. பெட்டியைச் செய்த கம்பனியே அதை முடக்கவும் முடிந்தது. சோனோஸ் கம்பனி, புதியதைத் தள்ளுபடியில் வாங்குவதற்காகப் பழைய ஒலிபெருக்கியைப் பதிவுசெய்தவரின் கருவியை நிரந்தரமாக முடக்கும் முறையை வைத்திருந்தது. கண்டனம் கிளம்பியதால் 2020இல் அதைக் கைவிட்டது. காருக்கென ஸ்பாட்டிஃபை விற்ற ‘கார் திங்’ 2024 டிசம்பரில் ஒரேயடியாக ஊமையானது.

ஸ்குவீஸ்பொக்ஸ் என்ற இணைய இசைப் பெட்டிக்கும் அதே விதி வந்திருக்கும். ஸ்லிம் டிவைசஸ் உருவாக்கிய அதை 2006இல் லொஜிடெக் வாங்கியது, 2012இல் கைவிட்டது, 2024இல் அதன் இணையச் சேவையையும் மூடியது. ஆனால் அதன் சேவையக மென்பொருள் தொடக்கத்திலிருந்தே திறந்த மூலம். ஆகவே பாவனையாளர்களே அதைத் தூக்கி நிறுத்தி, லிரியன் என்ற பெயரில் நடத்துகிறார்கள். பழைய பெட்டிகள் இன்றும் பாடுகின்றன.

றேடியோ திருத்துகிறவர் முன்பு பெட்டியின் பின்பலகையைக் கழற்றுவார். டயல் நூல் அறுந்திருந்தால் புதுநூல் கட்டுவார், வால்வு போயிருந்தால் வேறொன்று போடுவார். அந்த வேலைக்கு இன்று ஈடாக இருப்பது ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையும் எஸ்.டி. கார்டும் லிரியன் சேவையகமும், அது அனுப்பும் ஒலியைப் பாடும் ஸ்குவீஸ்லைட் மென்பொருளும். பழைய அம்பிளிஃபயரோடு இணைத்துவிட்டால், ஒலியோடையின் முகவரி தெரிந்த எந்த நிலையத்தையும் வீட்டுக்காரரே சேர்த்துக்கொள்ளலாம். பட்டியல் கல்முனையில், அவருடைய வீட்டு மேசையிலேயே இருக்கும்.