கொரில்லாவை நாடிய உளநூலறிஞர்

அடைபட்ட இளங் கொரில்லாவொன்றை 1926 முதல் ஆராய்ந்த யேல் பல்கலைக்கழக உளநூற் பேராசிரியர் ரொபேட் யேர்க்ஸ், அதன் காட்டு வாழ்வையும் அறிதல் வேண்டுமெனக் கருதி, 1929இல் ஹரல்ட் பிங்காம் என்பாரைப் பெல்ஜியக் கொங்கோவுக்கு அனுப்பினார். ஆங்கு விருங்கா மலைக்காட்டில், சுமைகாரர் பலர் சூழ, அவ்விலங்குகளின் சுவடுபற்றிச் சென்ற பிங்காம், அவை இரவுதோறும் புதிதாய் அமைக்கும் படுக்கைகளை ஆராய்ந்தார். ஆயின், அவற்றை நெருங்கிக் காணும் வாய்ப்பு அரிதாகவே கிட்டியது. பாய்ந்துவந்த ஆண் கொரில்லாவொன்று சுடப்பட்டும் இறந்தது. அவர்தம் நூல் 1932இல் வெளிவந்தது.

1959இல் அம்மலைகளிற் படைக்கலமின்றி உலவிய ஜோர்ஜ் ஷாலர், அவ்விலங்கின் சாந்த வாழ்வைப் பலகாற் கண்டார். கொடியதெனப் பெயர்பெற்ற விலங்கு மாறவில்லை. மனிதன் அணுகிய முறையே மாறிற்று. எனினும், உளநூலாராய்ச்சியைக் கூண்டினின்று கானகத்துக்குக் கொண்டுசென்ற பெருமை பிங்காமுக்கு உரியதேயாம்.