மடிக்கணினி வரைகலை இயக்கிச் சிக்கல்கள்

மடிக்கணினி வரைகலை இயக்கிச் சிக்கல்கள் என்பவை, மடிக்கணினியின் இயங்குதளம் திடீரெனச் செயலிழந்த பின்னர், திரையில் படத்தை உருவாக்கும் வரைகலைச் செயலிக்கும் இயங்குதளத்துக்கும் இடையிலான மென்பொருள் இணைப்பில் ஏற்படும் பழுதுகள் ஆகும். திரை கறுத்துப் போதல், எழுத்துகள் பெருத்துத் தெரிதல், நீலத்திரை தோன்றுதல் முதலியன இவற்றின் பொதுவான வெளிப்பாடுகள். இத்தகைய பழுதுகள் பலவற்றை இயக்கி மென்பொருளை மீள நிறுவுவதன் மூலம் செலவின்றித் தீர்க்கலாம். ஆயினும், வெளித்தோற்றத்தில் இவை திரை அல்லது தாய்ப்பலகைப் பழுதை ஒத்திருப்பதால், தேவையற்ற உதிரிப்பாக மாற்றத்துக்கும், வட்டு அழிக்கப்பட்டு ஆவணங்கள் இழக்கப்படுவதற்கும் காரணமாகின்றன. 2011 முதல் அரசு வழங்கிய இலவச மடிக்கணினிகளே பல குடும்பங்களின் முதற்கணினியாக அமைந்த தமிழ்நாட்டில் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது பயனுடையது.

வரைகலை இயக்கியின் பணி

இயக்கி என்பது ஒரு வன்பொருளின் மொழியை இயங்குதளம் புரிந்துகொள்ள உதவும் மென்பொருள் ஆகும். வரைகலை இயக்கி, திரையின் பிரிதிறன், ஒளிர்வு, வெளித்திரை இணைப்பு, நிகழ்படக் குறிவிலக்கம், மின்சேமிப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துகின்றது.

கணினியை இயக்கியவுடன் தோன்றும் நிறுவனச் சின்னமும் பயாஸ் அமைப்புத் திரையும் இவ்வியக்கியின் துணையின்றியே காட்டப்படுகின்றன. இயங்குதளம் ஏறத் தொடங்கிய பின்னரே இயக்கி பொறுப்பேற்கின்றது. பழுதின் இடத்தைக் கண்டறிவதற்கு இவ்வுண்மையே அடிப்படையாகும்.

விண்டோஸ் விஸ்டா பதிப்பு முதல், வரைகலைச் செயலி 2 நொடிகளுக்கு மேல் விடையளிக்காதிருந்தால் இயக்கியை மட்டும் மீளத் தொடக்கும் ஏற்பாடு விண்டோசில் உள்ளது. அப்போது திரை ஒரு கணம் கறுத்து மீளும். மீட்பு முயற்சி தோல்வியுற்றால் நீலத்திரை தோன்றி, கணினி நின்றுவிடும். லினக்சில் திரையமைவை நிறுவும் பொறுப்பு கருனியிடம் உள்ளது. இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளுக்கான கட்டற்ற இயக்கிகள் கருனியுடனேயே வருகின்றன. என்விடியா செயலிகளுக்கு நோவோ என்னும் கட்டற்ற இயக்கியும், நிறுவனத்தின் இயக்கியும் உள்ளன.

காரணங்கள்

இயங்குதளம் செயலிழந்த பின் வரைகலை இயக்கி பழுதடைவதற்குப் பின்வருவன முதன்மையான காரணங்களாகும்:

- இயக்கி அல்லது இயங்குதளம் இற்றைப்படுத்தப்படும்போது மின்சாரம் நின்று, கோப்புகள் அரைகுறையாக எழுதப்படல்.
- வன்தட்டில் பழுதுற்ற பகுதிகள் தோன்றி, இயக்கிக் கோப்புகள் சிதைதல்.
- செயலிழப்புக்குப் பின் இயங்குதளத்தை மீள நிறுவுகையில் பொருந்தாத இயக்கி நிறுவப்படல்.
- லினக்சில் கருனி புதுப்பிக்கப்பட்டும், அதற்கேற்ப என்விடியா நிறுவன இயக்கி மீளத் தொகுக்கப்படாதிருத்தல்.
- தூசியால் காற்றுவழி அடைபட்டு, வரைகலைச் செயலி மிகையாகச் சூடாதல்.

மின்கலத்தின் நிலையும் கருதத்தக்கது. நல்ல மின்கலம் உள்ள மடிக்கணினி மின்வெட்டால் உடனே நிற்பதில்லை. மின்கலம் நலிந்த பின் அது மேசைக்கணினியைப் போலவே திடீரென நின்றுவிடும். 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 10 மணிநேரத்துக்கும் மேற்பட்ட மின்வெட்டு நிலவியது. கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைக் கடக்கும் திருச்சிராப்பள்ளி, திருவானைக்காவல் போன்ற இடங்களில் வெப்பமும் ஒரு காரணியாகின்றது.

அறிகுறிகள்

- பிரிதிறன் 800×600 அல்லது 1024×768 அளவுக்குக் குறைந்து, எழுத்துகளும் படவுருக்களும் பெருத்தோ நீண்டோ தெரிதல்.
- சாதன மேலாளரில் வரைகலைச் செயலியின் பெயருக்கு மாற்றாக, விண்டோஸ் 7இல் 'ஸ்டாண்டர்ட் விஜிஏ' என்றும், விண்டோஸ் 8 முதல் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றும் காட்டப்படல்.
- திரையின் ஒளிர்வை மாற்ற இயலாமை. படவீழ்த்தி அல்லது வெளித்திரை அறியப்படாமை.
- நிறுவனச் சின்னம் சரியாகத் தோன்றிய பின் திரை கறுத்து, சுட்டி மட்டும் தெரிதல்.
- 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்ற குறிப்புடன் நீலத்திரை தோன்றுதல்.

வன்பொருள் பழுதிலிருந்து வேறுபடுத்தல்

எவ்விதக் கருவியும் இன்றிச் செய்யக்கூடிய நான்கு சோதனைகள் பழுதின் இடத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும்.

1. பயாஸ் திரை: பயாஸ் அமைப்புத் திரையிலேயே கோடுகள், புள்ளிகள், நிறச்சிதைவு ஆகியன காணப்பட்டால் பழுது வன்பொருளைச் சார்ந்தது. அங்கு படம் தூய்மையாக இருந்து, இயங்குதளம் ஏறிய பின் மட்டும் கெட்டால் இயக்கியையே முதலில் ஐயுற வேண்டும்.
2. கைவிளக்கு: கறுத்த திரையின்மீது சாய்வாக ஒளியைப் பாய்ச்சும்போது மங்கலான படம் தெரிந்தால், திரையின் பின்னொளி எரியவில்லை என்று பொருள். பின்னொளி கெட்டிருக்கலாம், அல்லது ஒளிர்வுக் கட்டுப்பாடு பிழைத்திருக்கலாம். பயாஸ் திரையிலும் இந்நிலை நீடித்தால் இயக்கி காரணமன்று.
3. வெளித்திரை: வெளித்திரையில் படம் சரியாகவும் மடிக்கணினியின் திரையில் தவறாகவும் இருந்தால், திரைப்பலகை அல்லது அதன் இணைப்புக் கம்பி பழுதாகியிருக்கக்கூடும். இரண்டிலும் ஒரே சிதைவு காணப்பட்டால் பழுது வரைகலைச் செயலியிலோ அதன் இயக்கியிலோ உள்ளது.
4. நேரடி லினக்சு: விரலியிலிருந்து நேரடியாக இயங்கும் ஒரு லினக்சு வழங்கலில் படம் நெடுநேரம் சரியாக இருந்தால் வன்பொருள் நலமாக உள்ளது எனக் கொள்ளலாம். இம்முறையில் வன்தட்டில் உள்ள ஆவணங்களை வெளியே படியெடுத்துக்கொள்ளவும் இயலும்.

விண்டோசில் சீரமைத்தல்

சீரமைப்பைத் தொடங்குவதற்கு முன் ஆவணங்களைப் படியெடுப்பது இன்றியமையாதது. அதன்பின் பின்வரும் வரிசை பின்பற்றப்படுகின்றது.

1. கணினி இயங்கியும் திரை மட்டும் கறுத்திருந்தால், விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளை ஒருசேர அழுத்தினால் இயக்கி மீளத் தொடங்கும்.
2. பயனில்லையெனில் பாதுகாப்பு முறையில் கணினியைத் தொடக்க வேண்டும். இம்முறையில் அடிப்படைத் திரை இயக்கியே பயன்படுகின்றது. விண்டோஸ் 7இல் தொடக்கத்தின்போது எஃப்8 விசையை அழுத்த வேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறு மறுதொடக்கம் செய்தாலோ, தொடக்கம் அடுத்தடுத்துத் தடைப்பட்டாலோ மீட்புச் சூழல் தோன்றும். அங்கிருந்து பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். பிட்லாக்கர் மறையாக்கம் உள்ள கணினிகளில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம்.
3. பாதுகாப்பு முறையில் படம் சரியாக இருந்தால், சாதன மேலாளரில் இயக்கியை முந்தைய பதிப்புக்குத் திருப்பலாம். சிக்கல் அண்மைய இற்றைப்படுத்தலுக்குப் பின் தோன்றியிருந்தால் இவ்வழி பொருத்தமானது.
4. திருப்ப இயலாவிடில், இயக்கியை அதன் கோப்புகளுடன் நீக்கி, மறுதொடக்கம் செய்து, புதிதாக நிறுவ வேண்டும். மடிக்கணினி தயாரிப்பாளர் அக்குறிப்பிட்ட மாதிரிக்கென வழங்கும் இயக்கிக்கு முதலிடம் தரவேண்டும். ஒளிர்வு விசைகளும் மின்சேமிப்பும் அதற்கேற்ப அமைக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதே காரணம்.
5. கோப்புச் சிதைவு ஐயப்படப்பட்டால், முறைமைக் கோப்புச் சரிபார்ப்பியையும் வட்டுச் சரிபார்ப்பையும் இயக்க வேண்டும். பழுதுற்ற வன்தட்டில் எத்தனை முறை இயக்கியை நிறுவினாலும் சிக்கல் மீளவரும்.

செயலியினுள் அமைந்த வரைகலையும் தனி வரைகலைச் செயலியும் ஒருங்கே உள்ள மடிக்கணினிகளில், உள்ளமைந்த வரைகலையின் இயக்கியை முதலில் நிறுவுவது வழக்கம். இவற்றுட் பலவற்றில் திரை உள்ளமைந்த வரைகலையுடனேயே இணைந்திருக்கும்.

லினக்சில் சீரமைத்தல்

திரை கறுத்திருப்பினும் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அல்லது எஃப்3 விசைகளை அழுத்தினால் பெரும்பாலான வழங்கல்களில் எழுத்து முனையம் திறக்கும். அங்கு கருனியின் பதிவேட்டைப் படித்துப் பிழையை அறியலாம். முனையமும் தோன்றாவிடில், கிரப் தொடக்கப் பட்டியலில் பழைய கருனியைத் தேர்ந்தெடுப்பதே எளிய சோதனையாகும். பழைய கருனியில் திரை சரியாக இருந்தால், குறை புதிய கருனியிலோ அதற்கான இயக்கியிலோ உள்ளது.

கிரப் பட்டியலில் ஈ விசையை அழுத்தி, கருனி வரியின் இறுதியில் 'நோமோட்செட்' என்னும் அளபுருவைச் சேர்த்தால், வரைகலை இயக்கி திரையமைவை மாற்றாமல் கணினி ஏறும். இது பழுதைத் தீர்க்கும் வழியன்று. உள்ளே நுழைந்து இயக்கியைச் சீராக்குவதற்கான தற்காலிக வழியே ஆகும். இதை நிலையாக விட்டுவிட்டால் படம் மெதுவாகவும் குறைந்த பிரிதிறனிலும் தோன்றும்.

ஏ.எம்.டி. வரைகலைச் செயலிகளுக்குக் கட்டற்ற இயக்கியுடன் தனியுரிம நிலைபொருளும் தேவைப்படுகின்றது. டெபியன் தன் அலுவல்முறை நிறுவல் வட்டில் இத்தகைய நிலைபொருளை 2023இல் வெளியான 12ஆம் பதிப்பு முதல் சேர்த்தது. அதற்கு முந்தைய பதிப்புகளை மீள நிறுவுவோர் அதனைத் தனியாக நிறுவ வேண்டும்.

தமிழ்நாடு அரசின் மடிக்கணினிகள்

தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவால் தொடங்கப்பட்டது. திருவானைக்காவலை ஒட்டியுள்ள திருவரங்கத்தின் பெயரைக் கொண்ட சட்டமன்றத் தொகுதியிலிருந்தே அவர் அவ்வாண்டுத் தேர்தலில் வெற்றி பெற்றிருந்தார். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான கணினிகளை எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி மூலம் கொள்முதல் செய்தது. தொடக்கக் கட்டக் கணினிகளில் விண்டோசும், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன.

இவ்விரட்டை ஏற்பாடு பழுதறிவதற்கு ஓர் ஆயத்தச் சோதனையாக அமைகின்றது. விண்டோசில் படம் கெட்டு, பாஸ் லினக்சில் சரியாக இருந்தால் தாய்ப்பலகையை மாற்ற வேண்டியதில்லை. விண்டோசை மட்டும் மீள நிறுவினால் தொடக்கப் பட்டியல் அழிந்து, பாஸ் லினக்சு மறைந்துவிடக்கூடும். வன்தட்டு முழுவதும் அழிக்கப்படாதிருந்தால் அது வட்டிலேயே இருக்கும். கிரப் தொடக்கியை மீள நிறுவி அதனை மீட்கலாம்.

வெவ்வேறு கட்டங்களில் வெவ்வேறு நிறுவனங்களின் மாதிரிகள் வழங்கப்பட்டதால், 'அரசு மடிக்கணினி இயக்கி' என ஒரு பொது இயக்கி கிடையாது. கணினியின் அடிப்புறச் சீட்டிலுள்ள மாதிரி எண்ணைக் கொண்டே இயக்கியைத் தேட வேண்டும்.

பழைய கணினிகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. 2011இல் வெளிவந்த இன்டெல் இரண்டாம் தலைமுறைச் செயலிகளின் வரைகலைக்கு விண்டோஸ் 10 இயக்கியை இன்டெல் வெளியிடவில்லை. எனவே அக்கணினிகளில் விண்டோஸ் 10ஐ நிறுவிய பின் தோன்றும் குறைந்த பிரிதிறனைப் பழுது எனக் கொள்ளலாகாது. அச்செயலிகளின் வரைகலைக்கு லினக்சுக் கருனியில் இயக்கி உள்ளது.

தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

- 2007இல் மைக்ரோசாஃப்ட் பதிவு செய்த விஸ்டா செயலிழப்புகளில் ஏறத்தாழ 29 விழுக்காடு என்விடியா இயக்கிகளால் நேர்ந்தவை என, அமெரிக்க வழக்கொன்றில் வெளியான ஆவணங்கள் 2008இல் காட்டின.
- 2008 சூலையில், மடிக்கணினிகளுக்கான தன் வரைகலைச் சில்லுகள் சிலவற்றின் பொதியமைப்புப் பொருளில் குறையிருப்பதை ஏற்ற என்விடியா, அதற்கென 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. இயக்கியை மாற்றித் தீர்க்க இயலாத வன்பொருள் பழுதுக்கு இது எடுத்துக்காட்டாகும்.
- 2010 மார்ச்சில், மின்விசிறிக் கட்டுப்பாட்டில் குறை கண்டறியப்பட்டதால் என்விடியா தன் 196.75 இயக்கியைத் திரும்பப் பெற்றது.
- 2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான இற்றைப்படுத்தலால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. இது வரைகலை சாராதது. எனினும் பல கணினிகளைப் பாதுகாப்பு முறையில் தொடக்கி, பிழைக்கோப்பை நீக்கியே மீட்க வேண்டியிருந்தது.

தடுப்பு முறைகள்

- இற்றைப்படுத்தல் நடைபெறும்போது மின்கலத்தில் போதிய மின்னேற்றம் இருத்தல் வேண்டும்.
- நன்கு இயங்கும் இயக்கியின் நிறுவற்கோப்பை விரலியில் சேமித்து வைத்தல் நன்று. இணைய இணைப்பின்றியும் அதனை நிறுவ இயலும்.
- மெத்தை, தலையணை போன்றவற்றின்மீது கணினியை வைத்துக் காற்றுவழியை அடைக்கலாகாது.
- மீட்புப் புள்ளிகளை உருவாக்கி வைப்பதும், ஆவணங்களை வேறொரு வட்டில் படியெடுத்து வைப்பதும் இழப்பைத் தவிர்க்கும்.

இவற்றையும் பார்க்க

- இயங்குதளம்
- வரைகலைச் செயலி
- பாஸ் லினக்சு
- எல்காட்
- பயாஸ்