வெகுளி என்னும் சொல்லின் வரலாறு

நாடுகளுக்கு வரலாறு உண்டு; நகரங்களுக்கு வரலாறு உண்டு. அவ்வாறே சொற்களுக்கும் வரலாறு உண்டு. உள்ளத்தில் மிக்கெழும் உணர்ச்சிகளைக் குறிக்கும் சொற்கள் காலந்தோறும் பொருள் திரிந்து வந்துள்ளன. சினத்தைக் குறிக்கும் சொற்கள் அதற்குச் சான்றாவன.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் ஏழாவதாக வெகுளியை வைக்கின்றது. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கும் அதன் நிலைக்களங்களாம். உறுப்பைக் குறைத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அடித்தும் வைதும் அலைத்தல், கொல்லுதல் ஆகிய இவை யாவும் பிறர் இழைக்கும் தீங்குகளே. எனவே, அக்காலத்தார் வெகுளி என்றது கொடுமை கண்டவிடத்து எழும் பேருணர்ச்சியையே என்பது பெறப்படும். சிறு காரியங்களுக்கெல்லாம் தோன்றும் எரிச்சலை அன்று.

அந்நூலின் உரியியல் கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் வெகுளிப் பொருளன என முதலிற் கூறி, அவை நிறத்தை உணர்த்தலும் உண்டு எனப் பின்னர்க் கூறுகின்றது. 'கண் சிவந்தான்' என்னும் வழக்கிலும், பகையை நெடுநாள் மனத்தில் வைத்துக் 'கறுவுதல்' என்னும் வழக்கிலும் அப் பழம்பொருள் இன்றும் வாழ்கின்றது.

திருக்குறளின் 31ஆம் அதிகாரம் வெகுளாமை. அதன்கண் வெகுளி, சினம் என்னும் இரு சொற்களும் விரவி வருகின்றன. மெய்யுணர்தல் அதிகாரத்தின் இறுதிக் குறள், காமம், மயக்கம் என்பவற்றோடு வெகுளியையும் சேர்த்து, இம் மூன்றின் பெயரும் கெடவே துன்பம் கெடும் என்கின்றது. மெய்ப்பாடு வகுத்த இலக்கணம் வெகுளியை மனித இயல்பாகக் கண்டது. அறநூல் அதனைக் களையவேண்டிய குற்றமாகக் கண்டது. சொல் ஒன்றே; நோக்கு வேறு.

இன்றைய பேச்சு வழக்கிலோ வெகுளி என்பது கள்ளங்கபடு அறியாத அப்பாவியைக் குறிக்கின்றது. சினத்தின் இடத்தைக் கோபம், ஆத்திரம் என்னும் சொற்கள் கவர்ந்துகொண்டன. ஆத்திரம் என்பதும் விரைவு, பதற்றம் என்னும் பொருளை உடையது. 'ஆத்திர அவசரம்' என்னும் தொடர் அதனைக் காட்டும். 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்னும் பழமொழியில் அவ்விரு பொருளும் ஒருங்கே அமைதல் காண்க. பதறுபவனும் சினப்பவனும் ஆராயாது செயலிற் புகுதலே அதற்கு ஏதுவாகும்.

1885இல் சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை உரையுடன் அச்சேற்றினார். ஏட்டில் அடங்கிக் கிடந்த மெய்ப்பாட்டியல் அதனால் பலர் கைக்கும் எட்டியது. எனினும், நூல் கைக்கு எட்டியதனால் மட்டும் பொருள் எட்டிவிடாது. இக்கால வழக்கை மட்டும் அறிந்த மாணாக்கன் ஒருவன் வெகுளாமை என்னும் தலைப்பை அப்பாவியாய் இராமை எனக் கொள்ளின், வள்ளுவர் கருத்து முற்றும் பிறழ்ந்துவிடும். சொல்லை அதன் காலத்தில் வைத்துக் கற்றலே முன்னோர் உள்ளத்தை உள்ளவாறு உணர்தற்கு வழியாகும்.