'பே' ரயிலில் ஏறும் ஜப்பான்

பாரிஸில் விமானம் விட்டு இறங்கியதும் புதுச்சேரிக்காரர் தேடுவது 'பே' ரயிலைத்தான். பி என்ற எழுத்தைப் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள். ஷார்ல் தெ கோல் விமான நிலையத்தில் பெட்டிகளோடு ஏறி கார் து நோர் நிலையத்தில் இறங்கினால், லா ஷப்பல் நடக்கிற தூரம்தான். அங்குள்ள ஈழத் தமிழர் கடைகளில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும். 1962ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களும், 'சொல்தா' என்று ஊரில் அழைக்கப்படும் முன்னாள் பிரெஞ்சு ராணுவத்தாரின் பிள்ளைகளும் சார்செல், கார்ஜ் போன்ற வடக்குப் புறநகர்களில் குடியேறிய காலத்திலிருந்து, அந்தப் பக்கத்து ரயில் தடங்களெல்லாம் புதுச்சேரிக்குச் சொந்தபந்தம் மாதிரி ஆகிவிட்டன.

ஜூலை மாதத்துச் சாயங்காலம் ஒன்றில் இந்த ரயிலில் வருகிறவருக்கு ஒரு திகைப்பு காத்திருக்கும். எக்ஸ்பிரஸ் அல்லாத வண்டி விமான நிலையத்தை விட்டதும் பார்க் தெ எக்ஸ்போசிசியோன் என்ற நிறுத்தத்தில் நிற்கும். கதவு திறந்ததும் நீலத் தலைமுடி, முதுகில் அட்டை வாள், நெற்றியில் இலைச் சின்னம் பதித்த பட்டை என்று ஒரு பட்டாளமே ஏறும். பள்ளியில் மாறுவேடப் போட்டிக்காக மீசை வரைந்து பாரதியாராகப் போனவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. இங்கே வேடம் போட்டவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகும் வயதுக்காரர்கள் என்பதுதான் வித்தியாசம். வில்பேந்த் கண்காட்சித் திடலில் நடக்கும் ஜப்பான் எக்ஸ்போ முடிந்து வீடு திரும்புகிறார்கள் அவர்கள்.

ஜப்பானியச் சித்திரக்கதையான மாங்கா, கார்ட்டூனான அனிமே, பாட்டு, வீடியோ கேம் ரசிகர்களுக்கான இந்தத் திருவிழா 1999ல் பாரிஸில் உள்ள ஐ.எஸ்.சி. என்ற வணிகக் கல்லூரியில் தொடங்கியது. தொடங்கிய தோமா சிர்தே, ழான் பிரான்சுவா துஃபூர், சான்திரீன் துஃபூர் மூவரும் இளைஞர்கள். அந்த முதல் வருடம் வந்தவர்கள் சுமார் 3,200 பேர். நம் ஊரில் ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்கு வருகிற கூட்டத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இருபது வருடம் கழித்து, 2019ல், அது இரண்டரை லட்சத்தை எட்டியது.

இந்த வளர்ச்சியின் வேர் 1999ல் இல்லை. 1978 ஜூலை 3ஆம் தேதி அந்தென் 2 தொலைக்காட்சியில் 'கோல்டோராக்' என்ற ராட்சத ரோபோ முதல்முதலாகப் பறந்தது. ஜப்பானில் 'கிரெண்டைசர்' என்ற பெயரில் 1975ல் வந்த தொடர் அது. பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியை விட்டு அகலவில்லை. 1979 தொடக்கத்தில் 'பாரி மாட்ச்' வார இதழ் இந்தப் பைத்தியத்தைத் தன் அட்டையிலேயே போட்டது. 1987ல் தே.எஃப்.1 தொலைக்காட்சியில் 'க்ளப் டொரொத்தே' என்ற சிறுவர் நிகழ்ச்சி தொடங்கிய பிறகு ஜப்பானியத் தொடர்கள் அடைமழையாகக் கொட்டின. 'டிராகன் பால்' பிரான்ஸுக்கு வந்தது அந்த மழையில்தான்.

இறக்குமதியில் கூத்தும் நடந்தது. 'ஹொக்குத்தோ நோ கென்' பெரியவர்களுக்கான ரத்தக்களறித் தொடர். அதைச் சிறுவர் நிகழ்ச்சிக்கு வாங்கிப் போட்டுவிட்டார்கள். குரல் கொடுக்க வந்த நடிகர்கள் இந்த வன்முறையை அப்படியே பேச மாட்டோம் என்று சொல்லிவிட்டு, வசனத்தை இஷ்டத்துக்கு மாற்றிச் சிலேடையும் நக்கலுமாகப் பேசித் தள்ளினார்கள். ஜாக்கி சான் படங்களைச் சென்னைத் தமிழில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ருசி தெரியும். மூலத்துக்குச் செய்த துரோகமே தனி ரசனையாகிவிடும் விந்தை அது.

பெரியவர்களுக்குக் கோபம் வந்தது. செகோலென் ருவயால் 1989ல் ஒரு புத்தகமே எழுதினார். ரிமோட்டும் கையுமாக வளரும் குழந்தைகளைப் பற்றிய அந்தப் புத்தகத்தில் ஜப்பானியக் கார்ட்டூன்களுக்கு நல்ல சாத்து விழுந்தது. பின்னாளில் அமைச்சராகவும் 2007ல் அதிபர் தேர்தல் வேட்பாளராகவும் இருந்தவர் அவர். மலிவானது, வன்முறையானது, ரசனையைக் கெடுப்பது என்பதே அன்றைய படித்த வர்க்கத்தின் தீர்ப்பு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ், ஜப்பானிய மர அச்சுப் படங்களில் மயங்கிக் கிடந்தது. ஓவியர் மோனே தன் வீட்டுச் சுவர்களில் அவற்றை வரிசையாக மாட்டி வைத்திருந்தார். அந்தப் படங்கள் ஜப்பானின் எடோ நகரத்துக் கடைகளில் சாதாரண ஜனங்கள் மலிவு விலைக்கு வாங்கியவை. நாடக நடிகர்களின் படங்களும் அவற்றில் ஏராளம். அதாவது அன்றைய ரசிகர் போஸ்டர்கள். தாத்தா வாங்கினால் கலை, பேரன் பார்த்தால் குப்பை என்பது எந்த ஊரிலும் செல்லுபடியாகும் கணக்குதான்.

புதுச்சேரிக்கும் ஜப்பான் அப்படிப் புதிதல்ல. ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பி 1908ல் இங்கே வந்த பாரதி, பத்து வருடம் தங்கினார். இங்கிருந்துதான் 1916 அக்டோபரில் சுதேசமித்திரனுக்கு 'ஜப்பானியக் கவிதை' என்ற கட்டுரையை எழுதினார். ஹைக்கூவைத் தமிழுக்கு அறிமுகம் செய்த கட்டுரை என்று அதைக் கொண்டாடுகிறார்கள். அவருக்கு அந்தச் செய்தி கிடைத்தது கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ'வில் ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சி ஆங்கிலத்தில் எழுதியதிலிருந்து. டோக்கியோவிலிருந்து கல்கத்தா வழியாகப் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு, அங்கிருந்து சென்னைப் பத்திரிகைக்கு. அயல் ரசனை நேர்வழியில் வருவது குறைவு.

'க்ளப் டொரொத்தே' 1997ல் நின்றுபோனது. பத்து வருடம் புதன்கிழமைதோறும் கூடியிருந்த ஒரு தலைமுறை திடீரென்று நடுத்தெருவில் நின்றது. ஆனால் அதற்குள் அவர்களுக்குப் படிக்கத் தெரிந்திருந்தது. க்ளேனா பதிப்பகம் 1990ல் 'அகிரா'வையும் 1993ல் 'டிராகன் பால்' மாங்காவையும் பிரெஞ்சில் கொண்டுவந்திருந்தது. ரசிகர்கள் சிற்றிதழ்கள் அச்சிட்டு, வீடியோ கேசட் மாற்றிக்கொண்டு, கல்லூரி மன்றங்களில் கூடத் தொடங்கியிருந்தார்கள். கணினிக் கல்லூரியான எபிதாவின் மாணவர்கள் நடத்திய 'எபிதானிம்' ஜப்பான் எக்ஸ்போவுக்கும் மூத்தது. தொலைக்காட்சி கைவிட்ட பிள்ளைகள் தாங்களே பந்தல் போட்டுக்கொண்டார்கள் என்பதே இந்தத் திருவிழாவின் பிறப்பு ரகசியம் என்று சொல்லலாம்.

பந்தல் சீக்கிரமே போதாமல் போனது. கல்லூரியிலிருந்து ஓஸ்தெர்லிட்ஸ் அரங்கு, அங்கிருந்து லா தெஃபான்ஸில் உள்ள பெரிய அரங்கு. 2005ல் விழாவே நடக்கவில்லை. 2006ல் நகருக்கு வெளியே வில்பேந்துக்குப் பெயர்ந்தார்கள். அதன் பிறகுதான் வேகம் பிடித்தது: 2008ல் கூட்டம் லட்சத்தைத் தாண்டியது, 2012ல் இரண்டு லட்சத்தை. பாரிஸ் கலைக்கூடங்களிலிருந்து வெகு தொலைவில், சரக்குக் கிடங்குகளுக்கும் விமான ஓடுபாதைக்கும் பக்கத்தில் இது செழித்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. புறநகர்ப் பிள்ளைகளுக்கு அது தூரமில்லை, ஒரே ரயில்.

ஜப்பானும் கவனித்தது. 2009ல் பெண் மாங்கா ஓவியர் குழுவான 'க்ளாம்ப்' வந்தது. அதே வருடம் ஏ.கே.பி.48 பாட்டுக் குழு, மறுவருடம் 'மோர்னிங் முசுமே'. 2012ல் மாங்கா ஓவியர் நவோகி உரசாவா. தன் நாட்டுக்கு வெளியே மாங்காவுக்குப் பிரான்ஸைப் போன்ற சந்தை இல்லை என்பது டோக்கியோ பதிப்பாளர்களுக்குத் தெரிந்த கணக்கு. 2021ல் மட்டும் பிரான்ஸில் விற்ற மாங்காப் புத்தகங்கள் சுமார் 4.7 கோடி. அந்த வருடம் 18 வயதினருக்கு அரசு தந்த 300 யூரோ 'கலாச்சார பாஸ்' பணத்தில் பெரும்பங்கு மாங்காவுக்கே போனதால், பத்திரிகைகள் அதற்கு 'மாங்கா பாஸ்' என்றே கேலிப்பெயர் வைத்தன. ஒலிம்பிக் திறப்புக்காக டோக்கியோ போன அதிபர் மக்ரோன், 'ஒன் பீஸ்' படைத்த ஏய்ச்சிரோ ஓடா வரைந்து கொடுத்த படத்தைப் பெருமையாகக் காட்டிக்கொண்டதும் அதே 2021தான். குப்பை என்று தீர்ப்பெழுதி முப்பத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

பெருத்ததில் இழப்பும் உண்டு. ரசிகர்கள் மடக்கு மேசை போட்டுச் சிற்றிதழ் விற்ற இடத்தில் பெரிய பதிப்பகங்களும் விளையாட்டு நிறுவனங்களும் மாளிகை போலக் கடை விரித்திருக்கின்றன. சிற்றிதழ்க்காரர்களுக்கு இன்றும் ஒரு பகுதி இருக்கிறது என்பது ஆறுதல். விழாவின் உயிர் அங்கேதான், வரிசையின் நீளம் வேறெங்கோ. வெளியூர்க் கிளைகளும் போட்டுப் பார்த்தார்கள்: 2009ல் மார்செய், 2013ல் அமெரிக்காவின் சாந்தா கிளாரா. தாய் விழாவின் உயரத்தை எதுவும் தொடவில்லை. தொற்றுக் காலத்தில் 2020, 2021 இரண்டு வருடமும் விழா இல்லை. 2022ல் மீண்டும் தொடங்கிய நாள் ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாள். புதுச்சேரியில் பழைய சொல்தாக்கள் பதக்கம் அணிந்து கொடிக்கு வணக்கம் வைக்கிற அதே நாள்.

நம் பக்கத்துக் கதை இப்போதுதான் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. 2011ல் தில்லி ஹாட்டில் தொடங்கிய காமிக் கான் இந்தியா, சென்னை நந்தம்பாக்கத்துக்கு வர 2024 பிப்ரவரி ஆனது. 'நருட்டோ' 2022ல் சோனி யாய் அலைவரிசையில் தமிழ் பேசியது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழ்க் குரலோடு தியேட்டருக்கே வந்தது. பிரான்ஸில் 1978ல் நடந்தது இங்கே கொஞ்சம் தாமதமாக நடக்கிறது. தமிழில் பேசும் நாயகனைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் எப்போது சொந்தமாகப் பந்தல் போடுவார்கள் என்பதே மிச்சம்.

அதுவரை, கோடையில் பாரிஸுக்குப் பெரியப்பா வீடு, அத்தை வீடு என்று போகிற புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு சொல். விழா பெரும்பாலும் ஜூலை முதல் பாதியில் வரும். விமான நிலையத்திலிருந்து வரும்போது நீலத் தலையோடு யாராவது ஏறினால் மிரள வேண்டாம். பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்து, அட்டை வாளுக்கு இடம் கொடுங்கள்.