பழுப்பு வளையம் முதல் மின்முனை வரை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். வேதியியல் படித்தவனுக்கு வேறென்ன தெரியும்? நைட்ரேட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

நைட்ரேட் என்றதும் நம் பழைய மாணவர்களுக்குப் பழுப்பு வளையச் சோதனைதான் ஞாபகம் வரும். இன்னொரு சோதனையும் உண்டு. உப்புக் கரைசலில் காரமும் டெவார்டா உலோகக் கலவையும் போட்டுச் சூடாக்கினால் அம்மோனியா மூக்கைத் துளைக்கும். ஈர மஞ்சள் தாள் சிவந்துடும். அந்தக் கலவையில் செம்பு 50, அலுமினியம் 45, துத்தநாகம் 5 சதவீதம். உலோகம் எலெக்ட்ரான் கொடுக்க, நைட்ரேட் எட்டு எலெக்ட்ரான் வாங்கி அம்மோனியா ஆகிறது.

அந்த எலெக்ட்ரானை மின்சாரமே கொடுத்தால்? 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். ஆனால் நைட்ரேட்டை அளப்பதற்குத்தான். அம்மோனியா தயாரிக்க வேறு வழி வந்தது. 1909இல் ஹேபர் காற்றின் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்துக் காட்டினார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் பாஷ் அதை ஆலையாக்கினார். 400 டிகிரிக்கு மேல் வெப்பம், காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தம்! நம் பக்கம் தூத்துக்குடி ஸ்பிக் ஆலை 1975இல் உற்பத்தியைத் தொடங்கியது.

யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் எங்கே போகும்? ஒரு பங்கு நைட்ரேட்டாகி மழைநீரோடு கிணற்றுக்குப் போயிடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் இந்தியத் தர வரம்பு. மிஞ்சினால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் சக்தியை இழக்கும்.

அதனால்தான் அந்தப் பழைய மின்முனையை உலகெங்கும் மறுபடி கையில் எடுத்திருக்கிறார்கள். சாதாரண வெப்பம், சாதாரண அழுத்தம் போதும். கெடுதலும் நீங்கும், உரமும் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், எலெக்ட்ரானைத் தண்ணீரே பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனாகப் போயிடும். அல்லது வினை பாதியில் நைட்ரைட்டாக நின்றுவிடும். அது இன்னும் மோசம். இதைத் தடுக்கத்தான் செம்பு, கோபால்ட், ருத்தேனியம் என்று வினையூக்கிகளைத் தேடுகிறார்கள்.

நமக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. ஆடிச் சாரலோடு செங்கோட்டைக் கணவாய்க் காற்று வந்தால் காற்றாலை மின்சாரத்துக்கும் குறைவில்லை.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். குற்றாலத்து அருவித் தண்ணீர் ஒரு பாட்டில், தென்காசிப் பக்கத்து வயல் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் லேபுக்குக் கொண்டுவந்து நைட்ரேட்டை அளந்து பாருங்கள். வரும் எண்கள் எப்படி இருந்தாலும் அடுத்த மலரில் போடுங்கள். படிக்க நாங்கள் காத்திருக்கிறோம்.