கந்தூரி: விரிப்பு விருந்தான கதை

நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது பாதுஷாவின் நினைவு விழாவைக் ‘கந்தூரி’ என்கிறோம். ஜமாதுல் ஆகிர் மாதம் கொடியேறும். பதினான்கு நாள் விழா. நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்பட்டு நாகூர் வந்து சேரும். அதனால் கந்தூரி என்றதும் ஊர்வலமும் வாணவேடிக்கையுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருப்பது சோறு.

பாரசீகத்தில் ‘கந்தூரி’ என்பது சாப்பாட்டு விரிப்பு. தரையில் விரித்து, உணவை நடுவில் வைத்து, சுற்றி அமர்ந்து உண்பதற்கான துணி அல்லது தோல். விரிப்பின் பெயர் நாளடைவில் அதன்மேல் பரிமாறிய விருந்துக்கு ஆயிற்று. பிறகு, மறைந்த பெரியவர் பெயரில் பாத்திஹா ஓதி ஊருக்குப் போடும் சாப்பாட்டைக் குறித்தது. தமிழில் நிலைத்தது இந்தப் பொருள்தான். விரிப்பு என்ற பழைய பொருள் இங்கே ஒட்டவில்லை. அதற்கு அரபிவழி வந்த ‘சுப்ரா’ இருக்கிறது. அந்த விரிப்பில் நாலைந்து பேர் ஒரே பெருந்தட்டில் உண்பது ‘சஹன்’ சாப்பாடு. அப்படி உட்காரும்போது போட்டவர் யார், வாங்கியவர் யார் என்ற கணக்கு எழுவதில்லை. செலவு செய்தவர் ஒதுங்கி நிற்கிறார். விருந்து வைப்பவர் ஆண்டவர். தானத்துக்கும் கந்தூரிக்கும் உள்ள வேறுபாடு இதுவே என்பது என் கருத்து.

கடலுக்கு அப்பாலும் இந்தச் சொல் உண்டு. மலாய் மொழியில் ‘கெந்தூரி’ என்றால் ஊர் கூடி உண்ணும் எந்த விருந்தும். இலங்கையின் கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலும் நாகூர் ஆண்டவர் பெயரில் கொடியேற்றமும் கந்தூரியும் நடக்கின்றன. சிங்கப்பூருக்குப் போன தமிழ் முஸ்லிம்கள் தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரை அவருக்கு ஒரு நினைவு தர்காவே எழுப்பினார்கள்.

மறைந்த ஞானியின் பெயரால் ஈயும் வழக்கம் யூதரிடமும் உண்டு. இஸ்ரேலின் திபேரியாவில் அடங்கியிருக்கும் ரபி மெயிர் பால் ஹனேஸ் பெயரால் வீடுகளில் உண்டியல் வைத்து, அந்தப் புனித மண்ணில் வாழும் ஏழைகளுக்குக் காசு சேர்ப்பார்கள். தர்மத்துக்கு எபிரேயச் சொல் ‘செதக்கா’. நீதி என்ற வேரிலிருந்து பிறந்தது. ஞானியின் நினைவு நாள் ‘ஹில்லுலா’; அரமேய மொழியில் கல்யாணக் கொண்டாட்டம். தர்காக்களின் ‘உரூஸ்’ என்ற அரபிச் சொல்லுக்கும் கல்யாணம் என்றே பொருள். மறைவை இறைவனோடு சேரும் மணமாகப் பார்த்திருக்கிறார்கள். உரூஸ் தமிழிலும் வழங்குகிறது. ஆனாலும் மக்கள் வாயில் ஊறிப்போனது சாப்பாட்டின் பெயர்தான்.

கந்தூரி இங்கே எளிதில் வேர்விட்டதற்குக் காரணம் உண்டு. ஞானி மறைந்த நாளில் சோறு போடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதியில் ஆடி உத்திராடத்தன்று குருபூசை. குருபூசை என்றாலே சைவ மரபில் அடியார்களுக்கு அமுது படைக்கும் மகேசுவர பூசையும் சேர்ந்ததுதான்.

இப்போது பல ஊர்களில் வரும் நோட்டீஸ்களில் ஒலிபெருக்கியும் மின்விளக்கு அலங்காரமும் பெரிய எழுத்திலும், அன்னதானம் கடைசி வரியிலும் இருக்கின்றன. விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: கந்தூரியோ குருபூசையோ, வசூலான பணத்தில் முதல் பங்கை அடுப்புக்கு ஒதுக்குங்கள்.